தப்பாகச் சொல்லவும் இடம் கொடுங்கள்



தொடக்கப் பள்ளிக் குழந்தைகளின் படிப்பு பற்றிப் பேச்செடுத்தாலே மதிப்பெண்ணும் மனப்பாடமும்தான் முன்னால் வந்து நிற்கின்றன. வகுப்பறையில் நான் பார்ப்பது வேறு. தெரியாததைத் தெரியாது என்று கூச்சமில்லாமல் சொல்லும் பிள்ளைதான் சீக்கிரம் தேறுகிறது.

மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி 52இல் 27ஐக் கழித்து 35 என்று எழுதியிருந்தாள். "எப்படிம்மா போட்ட?" என்று கேட்டேன். "ரெண்டுல ஏழு போகாது டீச்சர், அதான் ஏழுல ரெண்டைக் கழிச்சேன்" என்றாள். எவ்வளவு தெளிவான விளக்கம்! பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளைக் கையில் கொடுத்தேன். ஒரு கட்டை அவளே பிரித்தாள். விடையையும் அவளே திருத்தினாள். சிவப்பு மையால் அடித்திருந்தால் அந்த விளக்கம் வெளியே வந்திருக்காது.

2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கிறோம். நல்ல ஏற்பாடு. ஆனால் அரும்பு நிலையில் இருப்பதை மக்குத்தனம் என்று வீட்டில் ஏசினால் பிள்ளை வாயே திறக்காது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களில் இதைப் பெற்றோரிடம் பேச ஒரு கால்மணி நேரமாவது ஒதுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியை,
விழுப்புரம் மாவட்டம்.