எல்லாரும் கட்டுறாங்க, நீ ஏன் கட்டல?

வேப்பூருக்குப் பக்கத்து விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்வார்கள். கரைத்த களிமண்ணை அச்சில் ஊற்றினால் எல்லாப் பொம்மையும் ஒரே முகத்தோடு வரும். பொம்மைக்குச் சரி. பிள்ளைகளுக்கு?

தமிழகத்தில் பல பள்ளிகளில் பையன்கள் மணிக்கட்டில் சாதிக்கொரு நிறத்தில் கயிறு. கட்டினால் கூட்டாளி, கட்டாவிட்டால் துரோகி! 2019இல் இதைத் தடுக்கச் சொல்லிக் கல்வித்துறை சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்பு கிளம்பியதும், பழைய நடைமுறையே தொடரும் என்று அமைச்சர் சொல்லிவிட்டார்.

இந்தச் சாதித்திமிர் எங்கே போய் நிற்கும்? 2023 ஆகஸ்டில் நாங்குநேரி காட்டியது. சக மாணவர்களின் தொல்லையைப் பள்ளியில் சொன்ன ஒரு தலித் பிளஸ் டூ மாணவரை வீடு புகுந்து வெட்டினார்கள், தடுத்த தங்கையையும் விடவில்லை. அந்த மாணவர் மீண்டு வந்து 2024 பொதுத்தேர்வில் 600க்கு 469 வாங்கினார். எது வீரம்? கும்பலாய் அரிவாள் தூக்கியதா, தனியாய் வாய் திறந்ததா?

ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு 2024 ஜூனில் தந்த அறிக்கையும் கயிற்றுக்குத் தடை கேட்கிறது. தேவைதான். ஆனால் சட்டம் கயிற்றைத்தான் அவிழ்க்கும், பயத்தை அவிழ்க்காது. அதற்கு வகுப்பில் ஒருவன் வெறுங்கையோடு வந்து உட்கார வேண்டும். அவனைப் பார்த்துத்தான் இரண்டாமவனுக்குத் தைரியம் வரும்.

அந்த முதல் ஆள் யார், மக்களே?