கோவளத்துக் கிணற்றில் ஒளிந்தவன்

செங்கல்பட்டிலிருந்து ரயிலில் கல்லூரிக்குப் போய் வருபவன் நான். தண்டவாளம் பழைய கோட்டைக்குள்ளே புகுந்துதான் போகிறது, பக்கத்திலேயே கொளவாய் ஏரி. இந்தக் கோட்டையை 1752-ல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்தது ராபர்ட் கிளைவ் என்று தெரிந்ததும் அவன் கதையைத் தேடிப் படித்தேன். பார்த்தால் ஆள் நம்ம இனம்... கணக்கெழுத வந்தவன்!

1743-ல் அப்பா அவனைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 'ரைட்டராக' அனுப்பிவைத்தபோது வயது 17. இன்றைய சட்டப்படி சிறுவன். (அதனால்தான் 'அவன்' என்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.) கப்பல் பிரேசிலில் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டது. 1744-ல் சென்னையில் இறங்கியபோது கையில் காசில்லை, கடன்தான் இருந்தது. சம்பளம் வருடத்துக்கு 5 பவுண்டு. ஊரை விட்டு வந்ததிலிருந்து ஒருநாள்கூட நிம்மதியாக இல்லை என்று வீட்டுக்குக் கடிதம் எழுதியிருக்கிறான். ஹாஸ்டலில் இருக்கும் நண்பர்களுக்குப் புரியும்.

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடிக்க, மாறுவேடத்தில் கடலூர் பக்கம் புனித டேவிட் கோட்டைக்குத் தப்பினான். அடுத்த வருடம் பேனாவை வைத்துவிட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தான். 1751-ல் ஆற்காடு முற்றுகை. அதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்.

என்னை நிறுத்தியது கோவளம். மாமல்லபுரம் போகிற வழியில் பஸ்ஸில் தாண்டுகிறோமே, அதேதான். அங்கிருந்த கோட்டையைப் பிடிக்க 1752-ல் கிளைவுக்குக் கிடைத்தது 500 புதுச் சிப்பாய்கள், லண்டன் தெருக்களிலிருந்து கம்பெனி ஏஜெண்டுகள் பிடித்து அனுப்பிய 200 பேர். கோட்டையிலிருந்து வந்த குண்டில் ஒருவன் செத்ததும் மற்றவர்கள் ஓட்டமெடுத்தார்கள். அதில் ஒருவனைச் சில மணி நேரம் கழித்து ஒரு கிணற்றின் அடியில் கண்டுபிடித்தார்களாம்!

படிக்கும்போது சிரித்துவிட்டேன். பிறகு சிரிப்பு வரவில்லை. கிளைவாவது சம்பளம் பேசி வந்தவன். இவனுக்கு இந்த ஊர் எங்கே இருக்கிறது என்றாவது தெரிந்திருக்குமா?

கிளைவைப் பாவம் என்று சொல்ல வரவில்லை. 1757-ல் பிளாசியில் ஜெயித்ததும் அவன் வாரிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல, அதற்குத் தனிமை சமாதானம் ஆகாது. ஆனால் 'கிளைவ் வென்றான்' என்ற ஒரு வரியில் எல்லாவற்றையும் முடித்துவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அது ஒரு கம்பெனி. லாபத்துக்காக ஆட்களைச் சரக்கு மாதிரி கப்பலேற்றியது. அந்த 500 சிப்பாய்கள் நம் ஊர்ப் பையன்கள், சுட்டது நம் ஊர்க் கோட்டைகளை. கம்பெனிக் கணக்கில் இவர்களெல்லாம் செலவுப் பக்கம் ஒரு வரி.

கோவளம் விழுந்தது, அடுத்தது செங்கல்பட்டு. கோவளம் கோட்டையை அப்புறம் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். செங்கல்பட்டில் மதில் இன்னும் கொஞ்சம் நிற்கிறது, ரயிலில் வலது பக்கமோ இடது பக்கமோ, எந்தப் பக்கம் உட்காருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவளம் போகலாமென்று இருக்கிறேன். வருகிறவர்கள் சொல்லுங்கள்.