தொடாதவன் கையில் தடயம் சிக்காது

ஒரே மாதம். ஒரே காவல் நிலைய எல்லை. ரெண்டு குற்றம். ஒன்று, ஊர்த்தெருவில் அரிசி மில் முதலாளி வீட்டில் நகைத் திருட்டு. இன்னொன்று, பக்கத்துச் சேரியில் பதினோரு குடிசைகளுக்குத் தீவைப்பு. ரெண்டுக்கும் போட்டோ எடுக்கப் போனவன் நான்.

சின்ன டவுனில் ஸ்டூடியோ வைத்துப் பிழைக்கிறவன் நான். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ். அப்போதெல்லாம் எங்கள் பக்கம் ஸ்டேஷனில் கேமரா கிடையாது. பிணம் விழுந்தால் ஏட்டு ஆள் அனுப்புவார். "வாடா, பொண போட்டோ." காசு வந்தால் வரும். வராவிட்டால் கேட்க முடியாது.

மில் முதலாளி வீட்டில் என்ன நடந்தது? போலீஸ் வந்ததும் வாசலில் கயிறு கட்டினார்கள். வீட்டுக்காரரையே உள்ளே விடவில்லை. மோப்ப நாய் வந்தது. கைரேகை நிபுணர் வந்து பீரோவில் பொடி தூவி ரேகை எடுத்தார். ஒவ்வொரு தடத்துக்குப் பக்கத்திலும் ஸ்கேல் வைத்து எடுக்கச் சொன்னார்கள். தூரத்தில் ஒன்று, கொஞ்சம் கிட்டத்தில் ஒன்று, ஒட்டி ஒன்று. ரெண்டு ரோல் தீர்ந்தது. இன்ஸ்பெக்டர் எனக்கு வாத்தியார் மாதிரி சொல்லிக்கொடுத்தார். குற்றம் நடந்த இடத்தை எப்படிப் படம் எடுப்பது என்று நான் கற்றது அன்றைக்குத்தான்.

பதினாறு நாள் கழித்துச் சேரி எரிந்தது. அதே இன்ஸ்பெக்டர். ஜீப் புளியமரத்தடியில் நின்றது. நாற்காலி அங்கேயே போட்டாயிற்று. பார்வை மகஜரை அங்கேயே உட்கார்ந்து ரைட்டர் எழுதினார். சாட்சிக் கையெழுத்துப் போட ஊர்த்தெருவிலிருந்து ரெண்டு பேரைக் கூட்டிவந்தார்கள். எரிந்த குடிசைக்குள் யாரும் காலடி வைக்கவில்லை. என்னைப் பார்த்து, "ரெண்டு எடுத்தா போதும், எல்லாம் சாம்பல்தானே" என்றார். நான் ஒரு ரோல் எடுத்தேன். நெகட்டிவோடு வாங்கிக்கொண்டார்கள். கோர்ட்டில் ரெண்டு படம்தான் இருந்தது.

வழக்கு என்ன ஆனது என்று சொல்லவும் வேண்டுமா? தீ எந்தப் பக்கமிருந்து வந்தது என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். சனங்கள் மேற்கே என்றார்கள். மகஜரோடு இருந்த மாதிரி வரைபடத்தில் மேற்கே ஓடை, கிழக்கே பாதை என்று இருந்தது. நிஜத்தில் ஓடை கிழக்கே! வரைந்தவன் வந்து பார்த்திருந்தால்தானே? "சாட்சிகள் முன்னுக்குப்பின் முரண்" என்று எல்லாரும் விடுதலை. பொய் சொன்னது காகிதம். பொய்யர் ஆனது நாம்.

ஒவ்வொரு விடுதலைக்குப் பிறகும் மேடை போட்டு ஒரு பாட்டுப் பாடுகிறார்கள். "புலனாய்வு அதிகாரிகளுக்குத் தடயவியல் பயிற்சி போதவில்லை." நான் கேட்கிறேன்: மில் முதலாளி வீட்டில் மட்டும் அந்தப் பயிற்சி எங்கிருந்து வந்தது? ஊர்த்தெருவில் தெரிகிற வித்தை சேரி எல்லையில் ஏன்யா மறந்துபோகிறது?

தடயவியல் பாடம் எடுக்கிற எல்லாரும் முதல் வகுப்பில் எட்மண்ட் லோக்கார்டு பெயரைச் சொல்வார்கள். 1910இல் பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரில் போலீஸ் ஆய்வுக்கூடம் தொடங்கியவர். அவர் பெயரில் வழங்கும் விதி சின்னது: ரெண்டு பொருள் தொட்டுக்கொண்டால் ஒன்றின் தடம் மற்றதில் ஒட்டும். ஆக, இந்த அறிவியலின் அஸ்திவாரமே தொடுதல்தான். தொடக்கூடாது என்று ரெண்டாயிரம் வருஷம் படித்தவன் இதை எப்படிப் படிப்பான்? எங்கள் குடிசைக்குள் குனிந்து நுழையாதவன், எங்கள் பிணத்தைப் புரட்டிப் பார்க்க வெட்டியானைத் தேடுகிறவன், எங்கிருந்து தடயம் எடுப்பான்?

போலீசுக்கு இந்த வித்தை புதுசும் இல்லை. 1897இல் கல்கத்தாவில் கைரேகை அலுவலகம் வந்துவிட்டது. ரேகைகளை வகைபிரிக்கும் முறைக்கு உழைத்தவர்கள் அசீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற ரெண்டு இந்தியர்கள். பெயர் தட்டிக்கொண்டு போனவர் எட்வர்டு ஹென்றி என்ற வெள்ளைத்துரை. அந்த ரேகை யாரைத் தேடி வந்தது? குற்றப்பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்ட ஏழைச் சனங்களை. 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்த அந்தச் சட்டத்தைச் சனங்கள் ரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். ரேகை வைக்க மாட்டோம் என்று எதிர்த்து நின்றவர்களை 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் சுட்டுத் தள்ளினார்கள். மனுசன் கையைப் பிடித்து இழுத்து ரேகை எடுக்கத் தெரியும். குற்றம் நடந்த சுவரிலிருந்து ரேகை எடுக்க மட்டும் பயிற்சி போதாது!

தடயம் தேடாத போலீஸ் சும்மா இருப்பதில்லை. லத்தியை எடுக்கும். 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் திருட்டுச் சந்தேகத்தின் பேரில் ராஜாக்கண்ணுவை அடித்தே கொன்றார்கள். நம் மேல் குற்றம் நடந்தால் தடயம் தேடமாட்டான். நம் மேல் சந்தேகம் வந்தால் தடயமே தேவையில்லை, அடித்தால் போதும். ரெண்டும் ஒரே பழக்கத்தின் ரெண்டு பக்கம்.

தடயம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு கோகுல்ராஜ் வழக்கைப் பாருங்கள். 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு மலைக்கோயிலில் இருந்தவர், மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் தலை துண்டாகிக் கிடந்தார். தற்கொலை என்று காட்ட ஏற்பாடெல்லாம் நடந்தது. முக்கிய சாட்சி பிறழ்சாட்சி ஆனார். ஆனால் கோயிலில் இருந்த கேமராப் பதிவு பிறழவில்லை. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்குத் தண்டனை கொடுத்தது. மேல்முறையீட்டில் உயர்நீதிமன்ற நீதிபதிகள் இரண்டு பேர் 2023 ஜனவரியில் கோயிலுக்கும் தண்டவாளத்துக்கும் நேரில் போய்ப் பார்த்தார்கள். அந்த ஜூனில் குற்றவாளிகள் என்ற தீர்ப்பை உறுதி செய்தார்கள். எட்டு வருஷம் கழித்து நீதிபதி வந்து பார்க்கலாம். எட்டு மணி நேரத்துக்குள் எங்கள் தெருவுக்குள் டி.எஸ்.பி. வந்து பார்க்கக்கூடாதா?

ஹத்ராஸ் இதற்கு நேர் எதிர். 2020 செப்டம்பர் 14 அன்று அந்தத் தலித் பெண் தாக்கப்பட்டார். தடய ஆய்வுக்கு மாதிரி எடுத்தது பல நாள் கழித்து. பிறகு "விந்தணு இல்லை" என்று அறிக்கை. அவர் உடலையும் போலீசே ராத்திரியோடு ராத்திரியாக எரித்தது. ஒரு உடலே தடயம். அதைக் குடும்பத்தின் கண்ணில் காட்டாமல் எரிக்க எந்தப் பள்ளியில் பயிற்சி கொடுத்தார்கள்?

சட்டம் இல்லாமலா இருக்கிறது? 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1995இல் விதிகள் வந்தன. புலனாய்வு செய்பவர் டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையக்கூடாது. அனுபவம் மட்டும் போதாது, நீதி உணர்வும் உள்ளவராகப் பார்த்து நியமிக்க வேண்டும் என்று 7ஆம் விதியே சொல்கிறது. கலெக்டரும் எஸ்.பி.யும் சம்பவ இடத்துக்கு வரவேண்டும் என்கிறது 12ஆம் விதி. 2016இல் நடைமுறைக்கு வந்த திருத்தப்படி, ஆவணத்தைச் சரியாகத் தயாரிப்பது அதிகாரியின் கடமை. தலித் அல்லாத, பழங்குடி அல்லாத அதிகாரி வேண்டுமென்றே தவறினால் 4ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை ஜெயில். ஆனால் அதற்குத் துறை விசாரணையின் பரிந்துரை வேண்டும் என்று ஒரு பூட்டு. சாவி யாரிடம்? அந்தத் துறையிடமே!

2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. வாயில் நுழையாத பேர். அதன் 176ஆம் பிரிவு, ஏழு வருஷமும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களுக்குத் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போகவேண்டும், வீடியோ எடுக்கவேண்டும் என்கிறது. மாநில அரசு அறிவிக்க ஐந்து வருஷம் அவகாசம். கைதட்டுகிறார்கள். தோழர்களே, கொஞ்சம் நில்லுங்கள். வன்கொடுமைச் சட்டத்தின் 3(1) பிரிவை எடுத்துப் படியுங்கள். வாயில் மலம் திணிப்பது, நிர்வாணமாக்கி ஊர்வலம் விடுவது, நாம் குடிக்கிற தண்ணீரை அசுத்தம் செய்வது. எல்லாவற்றுக்கும் உச்சத் தண்டனை ஐந்து வருஷம். அப்படியென்றால் அந்த ஏழு வருஷக் கோட்டுக்குள் இவை வராது. மேலும் பெரிய பிரிவு சேர்ந்தால் ஒழிய நிபுணர் வரவேண்டிய கட்டாயம் இல்லை. இந்த நாட்டில் மலம் தின்ன வைப்பது நிபுணர் வந்து பார்க்கிற அளவுக்குப் பெரிய குற்றம் இல்லை!

வேங்கைவயலை நினைத்துக்கொள்ளுங்கள். 2022 டிசம்பரில் தலித் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்தார்கள். சி.பி.சி.ஐ.டி. வந்தது. டி.என்.ஏ. பரிசோதனை என்று பாதிக்கப்பட்ட மக்களிடமே ரத்தம் கேட்டார்கள். ரெண்டு வருஷம் ஓடியது. 2025 ஜனவரியில் அதே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று தலித் இளைஞர்கள் மேலேயே குற்றப்பத்திரிகை. மக்கள் ஏற்கவில்லை. நான் கேட்பது ஒன்றுதான். தொட்டிதான் சம்பவ இடம். முதல் நாளே ஏணியிலிருந்து மூடி வரைக்கும் சல்லடை போட்டுத் தேடி, எடுத்த ஒவ்வொரு பொருளையும் அந்த மக்கள் கண் முன்னால் சீல் வைத்திருந்தால், ரெண்டு வருஷம் கழித்து அவர்களிடம் நம்பு என்று கெஞ்ச வேண்டியிருக்குமா?

ஆகவே பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொடு. ஆனால் எங்கே, எப்படிக் கொடுக்கிறாய் என்பது முக்கியம். ஏ.சி. ஹாலில் பொம்மைப் பிணத்தை வைத்துக் கொடுக்காதே. எரிந்த சேரியில் வைத்துக் கொடு. பாடம் நடத்த எங்கள் பெண்களைக் கூப்பிடு. வன்கொடுமை வழக்கு எதுவானாலும், தண்டனை எத்தனை வருஷமானாலும், தடயவியல் நிபுணர் வர உத்தரவு போடு. மகஜர், வரைபடம், படம் எல்லாவற்றுக்கும் நகலை அன்றைக்கே பாதிக்கப்பட்டவர் கையில் கொடு. புளியமரத்தடியில் மகஜர் எழுதியவன் மேல் 4ஆம் பிரிவைப் போடு. ஒரே ஒருத்தன் உள்ளே போகட்டும். மற்றவனுக்கெல்லாம் பயிற்சி தானா வந்துடும்.

நம்மிடமும் குறை இருக்கிறது. ஒளிக்காமல் சொல்கிறேன். ஆத்திரத்தில் பிணத்தைத் தூக்கிவிடுகிறோம். ரத்தத்தைக் கழுவிவிடுகிறோம். பார்க்க வருகிற தலைவர்கள் கூட்டத்தோடு உள்ளே போய் எல்லாவற்றையும் மிதிக்கிறோம். இனி நம் பிள்ளைகளுக்கு நாமே சொல்லித்தர வேண்டும்.

உயிருக்குப் போராடுகிறவரைக் காப்பாற்றுவது முதல் வேலை. அடுத்தது கயிறு. யாரையும் உள்ளே விடாதே, நீயும் போகாதே. வெளியிலிருந்து நாலு திசையிலும் படம் எடு. எதையும் தொடாமல், முடிந்தால் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடு. எடுத்த செல்போனைப் பத்திரமாக வை. வாட்ஸ்அப்பில் அனுப்பியது மட்டும் போதாது, அதில் படம் சுருங்கிப்போகும். மூலப் பதிவும் சட்டப்படியான சான்றிதழும் கோர்ட்டில் கேட்பார்கள். போலீஸ் பொருளை எடுக்கும்போது கண்கொத்திப் பாம்பாக நின்று பார். ரத்தத் துணியை நிழலில் உலர்த்திக் காகிதத்தில் கட்டவேண்டும், பிளாஸ்டிக் பையில் போட்டால் மக்கிவிடும். எரிந்த சாம்பலைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைக்கவேண்டும், இல்லையென்றால் பெட்ரோல் ஆவியாகிப் போகும். தப்பாகச் செய்தால் அங்கேயே கேள். பதில் வராவிட்டால் எஸ்.பி.க்கு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

அந்தப் பதினோரு குடிசையில் ஒரு குடிசைக்காரி, வயசான ஆயா. தீர்ப்பு வந்த மறுநாள் போனேன். பரண்மேல் இருந்து ஒரு சாக்கு மூட்டையை இறக்கினாள். உள்ளே பாதி எரிந்த மண்ணெண்ணெய் கேன். அவள் குடிசைக் கூரைமேல் விழுந்தது.

"போலீசுக்காரன் வந்து கேப்பான், குடுக்கணும்னு வச்சிருந்தேன் தம்பி. ஒருத்தனும் கேக்கல."

ஆறு வருஷம். எழுதப்படிக்கத் தெரியாத அந்த ஆயாவுக்குத் தெரிந்திருக்கிறது எது தடயம் என்று. அரசாங்கச் சம்பளம் வாங்கிய எவனும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போலீசே, பயிற்சிக்கு அவளிடம் வா. செருப்பை வெளியே விட்டுவிட்டு, குனிந்து உள்ளே வா.