பாபின் மாற்ற ஆள் வேண்டாமா?

காஞ்சீபுரத்தில் ஒரு பட்டு நெசவாளர் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

கணவர் தறியில் நெய்கிறார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்றுகிறார். நாடாவில் உள்ள தார் தீர்ந்தால் தறி நின்றுவிடும். வேறு தார் போட்ட பிறகுதான் மறுபடி நெய்யலாம். நெய்வது ஒரு வேலை என்றால், மாற்றிப் போடுவதும் ஒரு வேலை!

பட்டு இழை, புழுவின் கூட்டில் இருந்து எடுக்கப்படுகிறது. பருத்தி நூலோ பஞ்சாலையில் நூற்கப்படுகிறது. அங்கே இந்த "மாற்றிப் போடும் வேலை" பல மடங்கு பெரியது.

ஓயாத நடை

சுத்தம் செய்த பஞ்சு, கயிறு போல் திரண்டு உயரமான டப்பாக்களில் விழும். இதற்குக் "கேன்" என்று பெயர். கேன் நிறைந்ததும் அடுத்த எந்திரத்துக்குத் தள்ளிச் செல்ல வேண்டும். அங்கே பஞ்சு மெலிந்து, பெரிய பாபின்களில் சுற்றப்படும். அவற்றைச் சுமந்து போய் நூற்கும் எந்திரத்தில் மாட்ட வேண்டும்.

நூற்கும் எந்திரம் ஒன்றில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கதிர்கள்கூட இருக்கும். ஒவ்வொரு கதிரிலும் ஒரு சிறு பாபின். நூல் நிறைந்ததும் எந்திரத்தை நிறுத்தி, ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, வெறும் பாபினைச் செருக வேண்டும். ஒரு ஷிப்டில் பல தடவை இப்படி!

தமிழ்நாட்டு மில்களில் இந்த வேலை செய்வோரில் பலர் இளம்பெண்கள். மூன்று ஆண்டு உழைத்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று ஆள் சேர்த்த "சுமங்கலி திட்டம்" பற்றி எழுந்த புகார்கள் நாடறிந்தவை.

தானாக மாறுகிறது

கோவையில் முதல் பஞ்சாலை 1888-ல் ஏற்பட்டது. அதே ஊரில் 1962-ல் தொடங்கிய லட்சுமி மெஷின் ஒர்க்ஸ், நூற்கும் எந்திரங்களைச் செய்கிறது. இன்றைய எந்திரங்கள் பாபினைத் தாமே மாற்றிக்கொள்கின்றன.

எப்படி? எந்திரத்தின் நீளத்துக்கு ஒரு சட்டம் இருக்கிறது. அது எல்லா பாபின்களையும் ஒரே சமயத்தில் பிடித்துத் தூக்குகிறது. வெறும் பாபின்களை அதே இடத்தில் வைக்கிறது. சில நிமிடங்களில் வேலை முடிந்தது! நிறைந்த பாபின்கள், நூலைக் கோனில் சுற்றும் எந்திரத்துக்குத் தாமாகவே நகர்ந்து போகின்றன. பெரிய பாபின்கள், தலைக்கு மேலே தண்டவாளத்தில் தொங்கியபடி போகின்றன.

யாருக்கு லாபம்?

மில்லுக்கு லாபம் உண்டு. எந்திரம் நிற்கும் நேரம் குறைகிறது. கை படாததால் நூலில் அழுக்குச் சேர்வதில்லை. ஒடிசாவில் இருந்தும் பீகாரில் இருந்தும் ஆள் வரவழைக்கும் மில்களுக்கு, ஆள் பஞ்சமும் குறையும். ஆனால் விலை அதிகம். சிறு மில்கள் வாங்கத் திணறுகின்றன.

தொழிலாளிக்கு? சுமை குறைகிறது, நல்லதுதான். ஆனால் ஒரு கூட்டமே பாபின் மாற்றிய இடத்தில் இனி ஓரிருவர் போதும். மற்றவர்கள் எங்கே போவார்கள்? மிஞ்சியவர் தலையில் கூடுதல் எந்திரங்களைக் கட்டினால், அவருக்குத்தான் என்ன நிம்மதி?

கைத்தறிக்கென்று சில வகைத் துணிகளை ஒதுக்கி 1985-ல் சட்டம் வந்தது. சேலைகளும் அதில் உண்டு. பாபின் மாற்றும் பெண்ணுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. தொழிற்பயிற்சிதான் அவருக்குப் பாதுகாப்பு. புது எந்திரம் வருவதற்கு முன்பே, அதை ஓட்டவும் பழுது பார்க்கவும் அவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

பாபினை எந்திரம் மாற்றட்டும். இத்தனை நாள் அதை மாற்றிய பெண்ணின் சம்பளம் உயரட்டும்!