டீசலின் சுத்தமும் உரிமையாளரின் கடமையும்

நாமக்கல்லிலிருந்து துறையூர் செல்லும் சாலையில், கொல்லிமலையைப் பார்த்தபடி அமைந்திருக்கும் எருமப்பட்டியைப் போன்ற ஊர்களில், லாரியோ, போர் போடும் ரிக் வண்டியோ, டிராக்டரோ, மின்சாரம் நின்றுவிட்டால் கோழிப்பண்ணையைக் காக்கும் ஜெனரேட்டரோ, ஏதேனும் ஒரு டீசல் யந்திரத்தை நம்பியே எத்தனையோ குடும்பங்களின் ஜீவனம் நடைபெறுகிறது. ஆயினும் அந்த யந்திரத்துக்குள் செல்லும் டீசலின் சுத்தத்தைக் காப்பது யாருடைய வேலை என்று கேட்டால், டிரைவர் மெக்கானிக்கையும் மெக்கானிக் பெட்ரோல் பங்க்கையும் காட்டுவதே வழக்கமாக இருக்கிறது. அது முதன்மையாக வண்டியின் உரிமையாளருடைய கடமை என்பதும், அதற்குரிய நேரத்தையும் கூலியையும் அவர் தம் கணக்கில் ஏற்றியாக வேண்டும் என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

ருடால்ஃப் டீசல் 1897ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் தம் யந்திரத்தை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டியபோது, எண்ணெயைச் சிலிண்டருக்குள் செலுத்துவதற்கு அழுத்தப்பட்ட காற்றின் துணை வேண்டியிருந்தது. 1927ல் ராபர்ட் பாஷின் கம்பெனி டீசல் பம்பைப் பெருமளவில் உற்பத்தி செய்யத் தொடங்கிய பிறகுதான் அந்த யந்திரம் லாரிகளில் பரவலாக இடம்பெற்றது. நம் தேசத்தில் 1951ல் நிறுவப்பட்ட மைக்கோ கம்பெனியின் பெயர், பட்டறைக்காரர் நாவில் பம்புக்கும் நாசிலுக்கும் மறுபெயர் போலவே வழங்கிவந்தது. அப்பம்பினுள் ஏறி இறங்கும் பிளஞ்சருக்கும் அதைச் சூழ்ந்த பாரலுக்கும் உள்ள இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறிட்டால் அவற்றுள் இரண்டு மூன்று கூறுகளே ஆகும். அத்தனை நெருக்கத்தில் உராயும் இரும்புக்கு டீசலேதான் மசகு. அதில் நீர் கலந்தால் மசகு போய்த் துரு பிடிக்கும், தூசி கலந்தால் கீறல் விழும், கீறல் விழுந்த பம்பு அழுத்தத்தை இழக்கும்.

நீர் எங்கிருந்து வருகிறது? பங்க்கின் நிலத்தடித் தொட்டியிலிருந்து மழைக்காலத்தில் வரலாம். ஆனால் பாதி காலியான டேங்கோடு இரவில் நிறுத்தி வைக்கப்பட்ட வண்டியில், டேங்கினுள் நிறைந்திருக்கும் காற்றின் ஈரமே குளிர்ந்து துளித்துளியாய் இறங்கி, டீசலைவிடக் கனமானதால் அடியிலே தங்கிவிடுகிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. மாலையிலே டேங்கை நிரப்பி நிறுத்துவதும், காலையில் சாவியைத் திருப்புமுன் வாட்டர் செபரேட்டரின் அடித்திருகைத் தளர்த்தி, தெளிந்த டீசல் வரும்வரை வடிப்பதும் இதற்குப் போதுமான பரிகாரம். முன்பு கிளீனர்கள் செய்துவந்த காரியம் இது. இப்போது கிளீனர் இல்லாமல் தனித்தே நெடுந்தூரம் செல்லும் டிரைவர்கள் பெருகிவிட்டபடியால், அந்த வேலை ஒருவருக்கும் உரியதல்லாததாகிவிட்டது.

வண்டி ஏற்றத்தில் இழுக்கவில்லை என்றதும் பம்பைக் கழற்றச் சொல்லும் அவசரத்தைப் போலப் பணத்தை விரயமாக்குவது வேறொன்றில்லை. டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கலாம், பில்டர் அடைத்திருக்கலாம், டேங்கிலிருந்து ஃபீட் பம்பு வரையுள்ள குழாயில் ஒரு செம்பு வாஷர் தேய்ந்து காற்றை இழுக்கலாம். இந்தக் கடைசிக் குற்றம் மிகவும் சூட்சுமமானது. ஏனெனில் இழுக்கும் பக்கத்திலே ஏற்பட்ட ஓட்டை, யந்திரம் ஓடும்போது வெளியே டீசலைச் சொட்டாமல் உள்ளே காற்றை வாங்கிக்கொள்ளும். நல்ல மெக்கானிக் பில்டர் தலையிலுள்ள திருகைச் சற்றே தளர்த்திக் கைப்பம்பை அமுக்குவார்; நுரையும் குமிழியுமாய் வந்த டீசல் குமிழியற்ற ஒரே ஒழுக்காக மாறியதும் திருகை இறுக்குவார்; சிறிது தூரம் ஓடிய பின் மீண்டும் குமிழி வருமானால் காற்று புகும் வாயில் இன்னும் திறந்திருக்கிறது என்று நிச்சயித்து, ஒவ்வொரு இணைப்பாகத் தடவிப் பார்ப்பார். பழைய யந்திரங்களில் அவர், மெதுவாக ஓடும் நிலையிலேயே நாசிலுக்குச் செல்லும் குழாயின் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திச் செவிகொடுத்துக் கேட்டு, எதைத் தளர்த்தியும் ஓசை மாறவில்லையோ அந்தச் சிலிண்டரில்தான் குற்றம் என்று கண்டுகொள்வார். ஸ்கேனர் என்ற கருவியைக் கண்டிராத அந்த மெக்கானிக்கின் செவிக்கு நான் மிகுந்த மரியாதை செலுத்துகிறேன்.

ஆனால் அந்தப் பரீட்சையை, எல்லா நாசில்களுக்கும் பொதுவான ஒரே குழாயிலிருந்து டீசல் செல்லும் காமன் ரெயில் யந்திரத்தில் செய்வது பிராணாபத்து. அதன் குழாயில் டீசல் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மீது சுமார் இரண்டு டன் அளவுக்கு அழுத்தம் பெற்றிருக்கும். தளர்ந்த நட்டின் வழியே பாயும் மெல்லிய தாரை தோலைத் துளைத்து மாமிசத்துக்குள் ஏறிவிடும். அவ்வாறு நேர்ந்தால் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் ஒரு கணமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். யந்திரம் மட்டுமன்றி டீசலும் மாறிவிட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் வாகனப் புகையைக் கட்டுப்படுத்தும் பி.எஸ். 6 விதி அமலுக்கு வந்து, டீசலிலுள்ள கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்காகக் குறைக்கப்பட்டது. காற்றுக்கு அது பெரும் நன்மை. எனினும், கந்தகத்தை நீக்கும் முறையால் இயல்பான மசகுத்தன்மையும் குறைந்துபோவதால் அதனை வேறு சேர்க்கைகளால் ஈடுசெய்த டீசலே நமக்கு வருகிறது. இவ்வளவு நுட்பமான அமைப்பினுள் விலை குறைந்த போலி பில்டரைப் பூட்டுவது சில நூறு ரூபாயை மிச்சம் பிடித்து, முழு நாசில் செட்டையும் இழக்கும் காரியம்.

இங்கே வண்டி தயாரிக்கும் கம்பெனிகளுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. மத்திய அரசு 2022ல் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஏற்படுத்திய இணையதளத்தில் மோட்டார் வாகனத் துறையும் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆகவே ஸ்கேனரில் தெரியும் பிழைக் குறியீடுகளின் பொருளையும், அவற்றைப் படிக்கும் மென்பொருளையும் நியாயமான விலையில் சிற்றூர்ப் பட்டறைகளுக்கும் கொடுப்பது அவசியம். ஐ.டி.ஐ.களில் டீசல் மெக்கானிக் பிரிவில் பயிலும் மாணவர்களுக்குக் காமன் ரெயில் நாசிலைச் சோதிக்கும் பெஞ்சு கைக்கெட்டும்படி இருக்க வேண்டும்.

இவையெல்லாம் கைகூடும் காலம் வரை உரிமையாளர் காத்திருக்க வேண்டியதில்லை. பில்டர் மாற்றிய தேதி, அப்போது ஓடியிருந்த கிலோமீட்டர், காலையில் வடிந்த நீரின் அளவு ஆகியவற்றை எழுதும் ஒரு நோட்டு வண்டியிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு டிரிப் முடிந்து வரும்போதும் டீசல் பில்லைப் பார்ப்பதுபோல அந்த நோட்டையும் உரிமையாளர் தாமே வாங்கிப் பார்க்கட்டும். நீர் வடிக்கும் அந்தக் கால்மணி நேர வேலைக்கான தொகையை டிரைவரின் பேட்டாவோடு சேர்த்து, பிடித்தமின்றிக் கொடுக்கட்டும்.