இறப்பர் போன வழியும் சைக்கிள் வந்த வழியும்

1909ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் திகதி, பொழுது புலர்வதற்கு நெடுநேரம் முன்பாகவே, மிலான் நகரத்தின் லொரேற்றோச் சதுக்கத்திலிருந்து 127 பேர் சைக்கிளில் புறப்பட்டார்கள். எட்டுக் கட்டங்களாக 2,448 கிலோமீற்றர் தூரத்தைப் புழுதியிலும் சேற்றிலும் மிதித்துக் கடந்து அவர்களுள் 49 பேரே அந்நகரத்துக்கு மீண்டார்கள் என்பதும், முதலிடம் பெற்ற லுயிஜி கன்னா அதற்கு முன் மேசன் வேலைக்காகத் தம் ஊரிலிருந்து மிலானுக்குச் சைக்கிளிலேயே போய்வந்து கால்களுக்கு உரமேற்றிக்கொண்டவர் என்பதும் இத்தாலியரின் விளையாட்டுச் சரித்திரத்தில் புராணக்கதையைப் போல நிலைத்துவிட்ட செய்திகள். வருஷந்தோறும் மே மாதம் பிறந்ததும் அந்தப் பந்தயத்தைத் தொலைக்காட்சியில் பார்க்கும் எனக்கு, வீரர்களின் வேகத்தைக் காட்டிலும், அதைப் பிறப்பித்த வியாபார சாமர்த்தியமே அதிக வியப்பைத் தருகிறது.

சைக்கிளைப் பற்றியே எழுதிவந்த இரண்டு பத்திரிகைகள் 1896இல் ஒன்றாகிப் பிறந்த 'கஸெற்றா தெல்லோ ஸ்போர்ட்', தன் போட்டிப் பத்திரிகையொன்று பியாங்கி சைக்கிள் கம்பெனியுடன் கூடி நாடு தழுவிய ஒரு பந்தயத்துக்கு ஆயத்தம் செய்கிறது என்று கேள்வியுற்ற மாத்திரத்தில், கையில் போதிய பணமில்லாமலே, 1908 ஆகஸ்ட் மாதத்தில் அந்தப் பந்தயத்தைத் தானே நடத்தப்போவதாக அறிவித்துவிட்டது. பத்திரிகைக்கு விற்பனை வேண்டும். கம்பெனிகளுக்குத் தங்கள் சைக்கிள் உறுதியானதென்று ஊரறியக் காட்ட வேண்டும். ஆகவே முன்னணி வீரர்கள் பலர் அத்தாலா, பியாங்கி முதலிய கம்பெனிகளின் சம்பளக்காரராகவே ஓடினார்கள். வென்ற கன்னாவும் பின்னாளில் தம் பெயரிலேயே ஒரு சைக்கிள் தொழிற்சாலையை நிறுவினார். 1931ஆம் ஆண்டு முதல், முன்னணியில் நிற்பவருக்கு இளஞ்சிவப்புச் சட்டை அணிவிக்கும் சம்பிரதாயம் தொடங்கியதற்கும் காரணம் அப்பத்திரிகை அச்சாகும் தாள் இளஞ்சிவப்பு என்பதே. தன் தாளின் நிறத்தை ஒரு தேசத்து வீரனின் மார்பிலே ஏற்றிவைக்கும் யோகம், தாள் கிடைப்பதே பெரும்பாடாக இருந்த நம்முடைய பத்திரிகைகள் எதற்கும் வாய்த்ததில்லை.

பந்தயம் ஒருபுறமிருக்க, 1894இல் அதே மிலானில் 57 சைக்கிள் அபிமானிகள் கூடித் தொடங்கிய சங்கமே என் மனத்தை அதிகம் கவர்வது. தங்கள் தேசத்தைத் தாங்களே சுற்றிப் பார்க்க வேண்டும் என்ற ஒரே நோக்கத்துடன் கூடிய அவர்கள், சந்திகளில் வழிகாட்டிப் பலகைகளை நாட்டினார்கள், தேசப்படங்கள் வரைவித்தார்கள், அவர்களுள் ஒருவரான பெர்த்தரெல்லியின் முயற்சியால் 1914 முதல் ஊர்தோறும் உள்ள கோயில்களையும் சிற்பங்களையும் விவரிக்கும் சிவப்பு அட்டை வழிகாட்டி நூல்களை வெளியிட்டார்கள். மோட்டார் வண்டிக்காரர் பின்னால் வந்து சேர்ந்தபோது, அவர்களுக்கு வேண்டிய பலகைகள் பலவற்றைச் சைக்கிள்காரர் முன்னதாகவே நாட்டிவைத்திருந்தார்கள்.

இதற்கெல்லாம் ஆதாரமாக இருந்த வஸ்து காற்றடைத்த ரயர். 1888இல் பெல்பாஸ்ற் நகரத்து மிருக வைத்தியரான டன்லப் அதைச் செய்து காட்டியதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்பே, பிரேசிலிலிருந்து கியூ தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட இறப்பர் விதைகளின் நாற்றுக்கள், ஏறக்குறைய 1,900, கப்பலேறி இலங்கைக்கு வந்து கம்பஹாவின் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் வேரூன்றியிருந்தன. முதலில் சைக்கிளும் பிறகு மோட்டாரும் உலகத்தின் இறப்பர்ப் பசியைக் கிளறிவிட, களுத்துறையிலும் கேகாலையிலும் மலைச்சரிவெல்லாம் இறப்பர்க் காடாயிற்று. தமிழ்நாட்டிலிருந்து வந்த நம்மவர்கள் கருக்கலில் எழுந்து பால்வெட்டப் போனார்கள். சிரட்டையில் வடிந்த அந்தப் பால் உறைந்து, தகடுகளாகிப் புகையூட்டப்பட்டு, கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்துத் துறைமுகத்தில் கப்பலேறிற்று. சீமையிலே ரயராகி, நொட்டிங்காமில் செய்த றலி சைக்கிளின் காலிலே மாட்டப்பட்டு, அது அதே துறைமுகத்துக்குத் திரும்பி வந்தபோது, பால்வெட்டியவன் எளிதில் வாங்க இயலாத விலை அதன் மீது எழுதியிருந்தது.

நமக்கும் இத்தாலியருக்கும் உள்ள பேதம் இங்கேதான் தொடங்குகிறது என்பது என் அபிப்பிராயம். அங்கே சைக்கிள் செய்தவன் அண்டை வீட்டுக்காரன்; தன் சரக்கை விற்பதற்கு அவனுக்குப் பந்தயமும் வீரனும் பத்திரிகையும் தேவைப்பட்டன. இங்கேயோ அதைச் செய்தவன் ஆறாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தான். கொழும்பு டாம் வீதியில் அதை விற்ற முதலாளிக்கு, வந்த பெட்டியைத் திறந்து பூட்டிக் கொடுப்பதற்கு மேல் கவலை எதுவும் இருக்கவில்லை. பந்தயங்கள் நம் நாட்டிலும் நடந்தன, நடக்கின்றன. ஆயினும் நம் சனங்கள் மனமுவந்து கைகொட்டிச் சிரித்த பந்தயம் எதுவென்று கேட்டால், விளையாட்டு விழாக்களில் கடைசியாக வருபவனுக்கே பரிசளிக்கும் மெதுவான சைக்கிள் ஓட்டத்தைத்தான் சொல்வேன். மிலான் கம்பெனிக்காரர் யாரும் அதற்கு ஒரு சதமும் கொடுத்திருக்க மாட்டார்.

ஆகவே நமது சைக்கிளின் கலாசாரத்தை வளர்த்தவர் உற்பத்தியாளர் அல்லர், ஒட்டுக்கடைக்காரரும் லிகிதர்களுமே. கொட்டாஞ்சேனையில் அறையெடுத்துத் தங்கிக் கந்தோருக்குப் போய்வந்த என் தகப்பனார், தவணையில் வாங்கிய றலியைக் கோட்டை ஸ்ரேஷனில் சரக்குப் பெட்டியில் ஏற்றி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிய அன்று, அதன் பாரைச் சுற்றிப் பழைய வேட்டித் துணியைக் கட்டிவிட்டார் என்று அம்மா சொல்லுவார். அக்காலத்தில் உள்ளூர்ச் சபைக்கு வருஷ வரி கட்டித் தகடு வாங்கிப் பூட்டாவிட்டாலும், இரவில் விளக்கில்லாமல் போனாலும், டபிள் ஏற்றினாலும் பொலிஸ்காரர் மறிப்பார். அந்தப் பயமும் மரியாதையும் சேர்ந்தே சைக்கிளுக்கு வீட்டில் ஓர் உறுப்பினன் ஸ்தானத்தைக் கொடுத்திருந்தன.

1990ஆம் ஆண்டு மீண்டும் யுத்தம் மூண்டு, மின்சாரம் நின்று, பொருளாதாரத் தடையினால் பெற்றோல் என்பது மருந்துப் போத்தலில் அளந்து விற்கும் பண்டமானபோது, யாழ்ப்பாணம் முழுவதும் சைக்கிளின் மீது ஏறிக்கொண்டது. விறகும் நெல்மூட்டையும் பிரசவ வேதனையில் துடிப்பவளும் அதன் கரியரிலேயே போனார்கள். கிளாலிக் கடலில் படகேறியவர்கள் அதையும் படகிலே ஏற்றினார்கள். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தபோது, மிதிக்க இடமில்லாமல் அதை உருட்டிக்கொண்டே நடந்தார்கள். பற்றரி தடைசெய்யப்பட்டிருந்த அந்நாட்களில் செய்தி கேட்பதற்கு நாங்கள் கண்ட உபாயத்தை இன்றைய பிள்ளைகள் நம்புவதில்லை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவின் தலையைப் பின் ரயரில் அழுத்தி, அதிலிருந்து இரண்டு கம்பிகளை ரேடியோவுக்குக் கொடுத்து, ஒருவர் மாறி ஒருவர் பெடலைக் கையாற் சுற்றுவோம். சுற்றுகிறவரின் கை சோர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் சோரும். "சுத்தடா, சுத்தடா, இப்பதான் முக்கியமான இடம்" என்று பெரியப்பா சத்தமிடுவார். சீமையில் எந்தக் கம்பெனியும் தன் விளம்பரத்தில் சொல்லாத பிரயோசனம் இது.

ஏறக்குறைய அதே காலத்தில், பாக்கு நீரிணைக்கு அப்பால் புதுக்கோட்டை மாவட்டத்தில், அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின் ஊக்கத்தால் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். பெண்களுக்கான சைக்கிள் கடைகளிற் போதாமற்போனபோது, ஆண்களின் சைக்கிளிலேயே பிள்ளையைப் பாரில் இருத்திக்கொண்டு போனார்கள். ஷீலா ராணி சுங்கத் என்ற ஆட்சியரின் ஆதரவு அதற்கு இருந்தது. அங்கேயும் தேவை முன்னே போக, கடைக்காரர் பின்னே ஓடினார்.

கொழும்பில் 2022ஆம் வருஷம் பெற்றோல் வரிசைகள் தெருக்களைச் சுற்றி நீண்டபோது, மோட்டார்க் காரை விட்டு இறங்காத வெள்ளவத்தைக் கனவான்களும் சைக்கிள் தேடி டாம் வீதிக்குப் போனார்கள், விலை மளமளவென்று ஏறிற்று, மரைன் டிரைவில் மாலை வேளைகளில் மணியோசை கேட்டது. பெற்றோலுக்குக் கியூஆர் முறை வந்து வரிசை கலைந்ததும் அவர்களுடைய உற்சாகமும் கலைந்தது. சைக்கிளுக்கென்று வீதியோரத்தில் ஒரு கோடு கீறுங்கள் என்று மாநகரசபையின் கதவைத் தட்ட 57 பேர் இங்கே கூடவில்லை.

நமக்கென்று ஒரு கன்னா இல்லையே என்று நான் கவலைப்படுவதில்லை. பெர்த்தரெல்லி இல்லாததே எனக்குக் குறை. ஷெல் விழும் பெருந்தெருவைத் தவிர்த்து, பனங்கூடல் ஓரமாகவும் பனையோலை வேலிகளுக்கிடையேயும் சைக்கிள் ஒன்று மட்டும் நுழையக்கூடிய ஒழுங்கைகளின் வழியாகக் கொடிகாமம் வரைக்கும் போய்ச் சேரும் மார்க்கம் யுத்த காலத்தில் பலருக்கு மனப்பாடம். அந்த மார்க்கத்தைப் படமாக ஒருவரும் வரைந்துவைக்கவில்லை. அறிந்தவர்களிற் பலர் எழுபது வயதைத் தாண்டி வெள்ளவத்தை மாடிவீடுகளில் இருக்கிறார்கள். கடுதாசியும் பென்சிலும் கொண்டு எந்த இளைஞராவது வந்து கேட்டால், மதியச் சாப்பாட்டையும் மறந்து சொல்லக்கூடியவர்கள்.