காஞ்சிக் கடிதம்: எட்டும் திரும்பினவா?



பட்டுப் புடவைக்கும் போர் விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சென்ற வாரம் வரை எனக்கும் தெரியாது.

பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருக்கும் அக்கா ஒருவரிடம் புடவை நெய்யச் சொல்லியிருந்தேன். எப்போது முடியும் என்று கேட்கப் போனபோது, தலைக்கு மேலே ஒரு விமானம் உறுமிக்கொண்டு போயிற்று. அரக்கோணத்தில் 1992 முதல் ‘ராஜாளி’ என்ற கடற்படை விமான தளம் இருக்கிறதல்லவா? எங்களுக்கு அது பழகிப்போன சத்தம். அக்கா நிமிரக்கூட இல்லை. திண்ணையில் இருந்த அவருடைய அண்ணாதான் எழுந்து நின்று, அது கண்ணுக்கு மறைகிற வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணா அந்தக் காலத்தில் விக்ராந்த் கப்பலிலே விமான மெக்கானிக். சத்தம் கேட்டால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்துவிடுவார்” என்றார் அக்கா.

விக்ராந்த், 1961-ல் நம் கடற்படையில் சேர்ந்த முதல் விமானந்தாங்கிக் கப்பல். நம் ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரத்தைப் படுக்க வைத்தால், மூன்று கோபுரத்துக்கு மேல் நீளம்! ஆனால் ஜெட் விமானத்துக்கு அது போதாது. ஆகவே கிளம்பும்போது நீராவி விசையால் விமானத்தை முன்னே வீசி எறிவார்கள். இறங்கும்போது அதன் வாலில் உள்ள கொக்கி, தளத்தின் குறுக்கே கட்டிய எஃகுக் கயிற்றில் மாட்டி இழுத்து நிறுத்தும். 1961 மே 18-ந் தேதி அப்படி முதலில் இறங்கியவர் தஹிலியானி என்ற இளம் விமானி. பிற்காலத்தில் கடற்படைக்கே தளபதியானார். ‘ஸீ ஹாக்’ என்ற அந்த ஜெட் விமானங்களுக்குக் கரையில் முதல் வீடு நம் கோயமுத்தூர் சூலூர்தான். 1964-ல்தான் கோவாவுக்குக் குடி போயின.

“உங்களுக்கு அங்கே என்ன வேலை, ஐயா?” என்று கேட்டேன்.

“உப்போடு சண்டை போடுவது!” என்று சிரித்தார். “கடல் காற்று தகரத்தை அரித்துவிடும். நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுவோம், துடைப்போம், எண்ணெய் தடவுவோம். மறுநாள் மறுபடியும் அதே வேலை. விமானம் கிளம்புவதற்கு முன்னால் எல்லோரும் வரிசையாக நின்று, தலையைக் குனிந்துகொண்டே தளம் முழுவதும் நடப்போம். ஒரு திருகாணி கிடந்தால் போதும், ஜெட் யந்திரம் உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் விமானமும் இல்லை, விமானியும் இல்லை. வேலை முடிந்ததும் கருவிகளை எண்ணுவோம். ஒரு ஸ்பானர் குறைந்தாலும், அது கிடைக்கிற வரை விமானம் நகராது.”

“ஓகோ! அதனால்தான் என் கத்தரிக்கோல் காணோம் என்றால் வீட்டையே புரட்டிப் போடுகிறாரா!” என்றார் அக்கா.

பேச்சு 1971-ம் வருஷ யுத்தத்துக்குப் போயிற்று. கப்பலின் நாலு கொதிகலன்களில் ஒன்று பழுது. மூன்றை வைத்துக்கொண்டே புறப்பட்டார்கள். அந்தமானில் விக்ராந்த் ஒளிந்திருக்க, விசாகப்பட்டினத்துக்கு அருகே ‘ராஜ்புத்’ என்ற வேறொரு கப்பல் விக்ராந்தைப் போல நடித்தது. எதிரி நம்புவதற்காக ஒரு மாலுமி பேரில், ‘நோயாயிருக்கும் அம்மாவுக்கு எப்படி இருக்கிறது?’ என்று ஒரு பொய்ச் செய்தியும் அனுப்பினார்களாம்.

“பொய் மாலுமி அம்மாவை விசாரித்தான். எங்கே இருக்கிறோம் என்று நிஜ மாலுமிகள் அம்மாவுக்கு எழுத முடியவில்லை” என்றார் பெரியவர்.

டிசம்பர் 4-ந் தேதி எட்டு ஸீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜாரைத் தாக்கக் கிளம்பின. “போனவர்களுக்காவது கையில் வேலை இருந்தது. எங்களுக்கு வானத்தைப் பார்ப்பதுதான் வேலை. நான் முடுக்கிய திருகு சரியாக இருந்ததா என்று மனசு அடித்துக்கொள்ளும். புள்ளி புள்ளியாகத் தெரிந்ததும் எண்ணினோம். எட்டும் வந்தன!” அந்த யுத்தத்தில் ஒரு ஸீ ஹாக் கூட விழவில்லை.

தறிச் சத்தம் நின்றிருந்தது. “ஐம்பது வருஷமாக இதை எனக்குச் சொல்லவே இல்லையே, அண்ணா?”

“நீ கேட்கவில்லையே, அம்மா.”

“எனக்கு அப்போது பத்து வயசு. அம்மா ரேடியோப் பெட்டியை விட்டு நகரமாட்டாள். ராத்திரியில் தூங்கவும் மாட்டாள். உனக்குத் தெரியுமா?”

அவருக்கும் தெரியாது. இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

விக்ராந்த் 1997-ல் ஓய்வு பெற்றது. 2014-ல் மும்பையில் அதை உடைக்கத் தொடங்கினார்கள். அதன் உலோகத்தில் கொஞ்சம் மோட்டார் சைக்கிளாகத் தெருவில் ஓடிற்று. ஸீ ஹாக்கை இன்று கோவா காட்சிசாலையில் பார்க்கலாம். விமானிகளின் வீரம் புத்தகத்தில் இருக்கிறது, பதக்கமும் கிடைத்தது. திருகு முடுக்கியவர் கதை திண்ணையில்தான் இருக்கிறது. முந்தானைப் பாவை உடல் பாவோடு இழை இழையாகப் பிணைக்கிறாரே அக்கா, அவரைக் கல்யாண வீட்டில் யார் விசாரிக்கிறார்கள்?

உங்கள் வீட்டிலும் பட்டாளத்திலோ, ரயில்வேயிலோ, ஆலையிலோ உழைத்த பெரியவர் இருப்பார். இன்று சாயங்காலம் காப்பி கொடுக்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள். பழைய நோட்டு ஒன்றில் எழுதியும் வையுங்கள். அவருக்குத் தெரியாததை நீங்களும் சொல்லுங்கள்.

என் புடவையா? இன்னும் பத்து நாள் ஆகுமாம். பரவாயில்லை, கதை கேட்க இன்னொரு முறை போகலாம்.